பாப்பாவுக்கு ஒரு முழு ஆட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அண்ணிக்கு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. அவர்கள் மகள் பாப்பாவுக்கு வயது ஏழு. ஆகவே கூடப் பிறந்த தங்கை நான் எழுதுகிறேன். பழங்காநத்தத்தில் தையல் கடை வைத்திருப்பவள். வெட்டுவதும் தைப்பதும்தான் தெரியும். கொஞ்சம் வெட்டாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பெரியவர்கள் இரண்டு பேர் கடை தேடி வந்தார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. பழசையெல்லாம் கிளறாத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன வருடம் நடந்தது அதற்குள் பழசாகிவிட்டதா? யாருக்குப் பழசு? எங்கள் வீட்டில் அது இன்னும் சூடு ஆறவில்லை.

அண்ணன் பேரையூர் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டுக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பட்டினி. அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. மதுரை அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, லேத் ஓட்டப் பழகி, என்னைக் கட்டிக்கொடுத்து, அம்மாவைக் கடைசிவரை கூட வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் தமக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொண்டார். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. ஒருவரையும் எடுத்தெறிந்து பேசியதில்லை. ஒரே ஒரு முறை பேசினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணனுக்கு இருந்த ஒரே பைத்தியம் கால்பந்து. எங்கள் ஊரில் கபடி உண்டு, மஞ்சுவிரட்டு உண்டு. கால்பந்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். வற்றிய கண்மாய்க்குள் கருவேல முள்ளை வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி மைதானம் ஆக்கினார். பட்டறையில் குழாயை வெல்டிங் வைத்து இரண்டு கோல் போஸ்ட் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அவரே குழி தோண்டி நட்டார். வெறுங்காலோடு ஆடினார்கள். ஊர் சிரித்தது. "உருண்டு ஓடுறதப் பிடிக்கவா இத்தன பேரு?" என்று கேட்டது. பிறகு ஆட்டம் சூடுபிடித்து, கோடைக் கோப்பை என்று பெயர் வந்ததும் விழாக் குழு வந்தது, தலைவர் வந்தார். தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் பெரியப்பா மகன்தான். இந்த மலர் அவர் கைக்கும் வரும். வாருங்கள் அண்ணே, படியுங்கள்.

அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. அழகர் மலையும் ஏறினார்கள், ஆஸ்பத்திரிப் படியும் ஏறினார்கள். கடைசியில் பாப்பா பிறந்தாள். தவழும் வயதிலிருந்தே அண்ணன் மடியில் உட்கார்ந்து டிவியில் மேட்ச் பார்ப்பாள். ஆறாவது வயதில் ஒரு நாள், "அப்பா, டிவியில ஆளுக சத்தந்தான் கேக்குது. பந்து ஒதைக்கிற சத்தம் நெசத்துல கேக்குமா?" என்று கேட்டாள்.

"கேக்கும் பாப்பா. நெஞ்சுல வந்து டொம்முனு அடிக்கும்."

"அப்ப கூட்டிட்டுப் போ."

அந்த நெஞ்சுதான் அவரைக் கைவிட்டது. இருதயம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாடிப்படி ஏறக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "எனக்கு வேற ஆச ஒண்ணும் இல்லத்தா. ஒரே ஒரு மேட்ச். மொத விசில்ல இருந்து கடைசி விசில் வரைக்கும் எம் மகள மடியில வச்சுக் காட்டிப்புடணும். அம்புட்டுத்தான்." மதுரையிலேயே எங்காவது காட்டலாமே என்றேன். "நான் நட்ட போஸ்ட்டுல கோல் விழுகுறத அவ பாக்கட்டும்" என்றார். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கோடைக் கோப்பையின் இறுதி ஆட்டம். நோட்டீஸில் மாலை மூன்று மணி என்று போட்டிருந்தது. அண்ணிக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் நான் கூடப் போனேன். பாப்பா பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு கார் முழுவதும் குதித்தபடி வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அணிகளும் வந்து வரிசையாக வெயிலில் நின்றுகொண்டிருந்தன. பந்தைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. ஏனென்றால், ஓடினால் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிடுமாம். சிறப்பு விருந்தினர் வந்து பார்க்கும்போது கோடு பளிச்சென்று இருக்க வேண்டுமாம். ஆடுவதற்காகப் போட்ட கோட்டை ஆட்டக்காரர்கள் மிதிக்கக் கூடாது என்று நினைக்க எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும்.

பந்தல் இருந்தது, பிரமுகர்களுக்கு. தலைவர் ஓடி வந்தார். "தம்பி, மேடைக்கு வாப்பா. ஒனக்கும் ஒரு பொன்னாட வச்சிருக்கோம்."

"மேடையில இருந்தா பாப்பாவுக்குப் போஸ்ட்டு தெரியாதுண்ணே. இங்கனயே இருக்கோம்" என்றார் அண்ணன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கோல் போஸ்ட்டுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பாப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தார். பந்தல் நிழலிலேயே இரண்டு நாற்காலியைக் கோட்டோரமாக இழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று மணி ஆனது. மைக்கில், "கிளம்பிட்டாங்க" என்றார்கள். நான்கு மணிக்கு, "திருமங்கலத்தத் தாண்டிட்டாங்க" என்றார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரைத் தாண்டினார் என்று சொல்லவில்லை. அண்ணன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. போய்விடலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இருத்தா, இப்ப ஆரம்பிச்சுருவாங்க" என்றார். பாப்பாவும் அதையே சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் விருந்தினர் வந்தார். வேட்டு போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை. விருந்தினருக்குப் பொன்னாடை, விருந்தினரின் மைத்துனருக்குப் பொன்னாடை, கார் ஓட்டி வந்தவருக்கும் ஒன்று. பிறகு விருந்தினர் மைதானத்தில் இறங்கி, செருப்புக் காலால் பந்தைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை தட்டினார். பாப்பா எழுந்து நின்று கைதட்டினாள்.

"கோலாப்பா?"

"இல்ல பாப்பா" என்றார் அண்ணன். "போட்டோ."

ஆட்டம் தொடங்கியதா? அதுதான் இல்லை. தொடங்கி வைத்தவர் திரும்ப மேடையேறிப் பேசினார். இன்றைய குழந்தைகள் செல்போனைத் தூக்கிப் போட்டுவிட்டு மைதானத்துக்கு வர வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மைதானத்துக்கு வந்திருந்த குழந்தை என் தோளில் சாய்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மேடையேறினார். பொன்னாடையை ஒரு கையால் விலக்கிவிட்டு, மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு இது வேணாம். வெளிச்சம் போகுது. ஆட்டத்த ஆரம்பிங்கய்யா. எம் மக ஒரு மேட்ச் பாக்கணும்னு வந்திருக்கா..."

தலைவர் மைக் செட்காரரைப் பார்த்துக் கண் காட்டினார். மைக் அணைந்தது. அண்ணன் அதன் பிறகும் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. சத்தமாகப் பேச அவரிடம் மூச்சு இல்லை. கைத்தாங்கலாக இறக்கி விடுவதுபோல் இறக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

நன்றியுரை முடிந்தபோது கோல் போஸ்ட் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு கிடையாது. ஜெயித்தது யார் என்று நடுவர் நாணயத்தைச் சுண்டிப் பார்க்கப்போனார். தோற்ற ஊர் சண்டைக்கு வரும் என்று அதையும் நிறுத்திவிட்டு, கோப்பையை இரண்டு அணிக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். ஒருவரும் ஒரு பந்தை உதைக்காமல் ஓர் இறுதி ஆட்டம் இனிதே முடிந்தது. "விறுவிறுப்பான ஆட்டம்" என்று உறவினர் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வந்தது. நீங்களும் கை தட்டும் பொம்மை போட்டீர்கள்.

காரில் பாப்பா, "யாருப்பா ஜெயிச்சா?" என்று கேட்டாள். அண்ணன் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம மதுரையில காட்டுறேன் பாப்பா. அங்க ஒருத்தனும் பேச மாட்டான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதன் பிறகு அவர் வீடு திரும்பியது ஆம்புலன்ஸில்.

"பெரிய மனுசன் முன்னாடி குடும்ப மானத்த வாங்கிட்டான்" என்று சொல்லிப் பங்காளிகள் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தவரை வராதவர்கள் உயிர் போனதும் வண்டிச் சக்கரம் மாதிரி மாலையோடு வந்தார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அதில் தலைவர் படம் பெரிதாக நடுவில் கைகூப்பி நின்றது. எங்கள் அண்ணன் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் இருந்தார். செத்தது யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள்.

போன மாதம் தலைவர் போன் செய்தார். "தம்பி பேருல நினைவுக் கோப்ப நடத்தப் போறோம்மா. பெரிய ஆளாக் கூப்பிட்டிருக்கோம்."

"அவரு ஆட்டத்தத் தொடங்கி வைக்க வாராரா, முடிச்சு வைக்க வாராராண்ணே?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். சபையறிய இங்கேயே சொல்கிறேன்: அண்ணன் பெயரை அதற்குக் கொடுக்க அண்ணிக்கும் எனக்கும் சம்மதம் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனை நாற்காலியோடு மாடியிலிருந்து தூக்கி இறக்கிய பட்டறை நண்பர்களுக்கு. கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கு. அவர் கால் வீக்கத்தைத் தன் அப்பாவின் கால்போல் துடைத்துவிட்ட நர்ஸ் பெண்ணுக்கு. அன்றைக்கு வெயிலில் நிற்க வைக்கப்பட்டு, ஆடாமலே வீட்டுக்குப் போன இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும். அந்தப் பிள்ளைகளும் பட்டறை நண்பர்களும் சுடுகாடு வரை வந்தார்கள். மாலை கொண்டுவரவில்லை, மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அந்தக் கடனை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடைசியாக ஒன்று. இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் பாப்பாவை நான் கூட்டிப்போனேன். எனக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது. சிமென்ட் படியில் உட்கார்ந்தோம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், விசில் ஊதினார்.

பாப்பா திடுக்கிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். "அத்த, பெரிய ஆளு இன்னும் வரலையே. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க?"

"இங்க யாரும் வர மாட்டாங்க பாப்பா. நீ ஆட்டத்தப் பாரு."

பார்த்தாள். பந்து உதைபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அண்ணன் சொன்னது பொய் இல்லை. எனக்கே நெஞ்சில் அடித்தது. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், தின்னவில்லை. கடைசி விசில் ஊதி, ஆட்டக்காரர்கள் கை குலுக்கி, எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சு பாப்பா. வா போவோம்."

"இம்புட்டுத்தானா அத்த? ஒரு விசில் ஊதி ஆரம்பிச்சாப் போதுமா?"

"இம்புட்டுத்தான்."

"அப்பறம் ஏன் எங்கப்பாவ எனக்கு ஒரு மேட்ச் காட்ட விடல?"

அன்று பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் இருபது முப்பது பேராவது இந்த மலரைப் படிப்பீர்கள். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்திருந்தால் வீட்டுக்கு வாருங்கள். காப்பி போட்டுத் தருகிறேன். பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.