அத்தான் மணி

டைம்கீப்பருக்குத் தண்ணீர் என்றால் பயம். குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தாலே குரல் மாறிவிடும் ஆசாமி. அப்படிப்பட்டவர் மூன்று நாள் விடுமுறைக்கு ஒரு தீவுக்கு வந்தார் என்றால், மனைவியும் மைத்துனரும் சேர்ந்து அவரை மடக்கிப் போட்டதுதான் காரணம். அவர் டிப்போவிலேயே பஸ் ஓட்டும் சிநேகிதரும் கூட வந்திருந்தார். படகில் ஏறும்போது அந்த டிரைவர்தான் இவரைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். பதினொரு வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் பயம் அவளுக்குத் தெரியும்.

டிப்போ வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, பஸ் புறப்படும் நேரத்தை எழுதி, விசில் ஊதி அனுப்புவது இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. கூண்டுக் கடிகாரம் அரை நிமிஷம் பிசகாது. வீட்டுக் கதை வேறு. மனைவி கிளம்பும் அழகுக்கு, ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலின் முதுகைத்தான் பார்க்க முடியும். இரண்டு ரயிலைத் தவறவிட்ட பிறகு, சுவர்க் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் சத்தமில்லாமல் இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார்.

மனைவி இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மூச்சு விடவில்லை. மனசுக்குள் இருபதைக் கழித்துக்கொண்டு, வழக்கம்போல நிதானமாகத் தலை வாரினாள். மைத்துனர் அதற்கு ஒரு பெயரே வைத்தார்: அத்தான் மணி. "அக்கா, மணி ஆறரைங்கறியே, அத்தான் மணியா, நெஜ மணியா?" மகள் பள்ளிக்கூடத்தில் கழித்தல் படிக்கும் முன்பே வீட்டில் படித்துவிட்டாள். இத்தனைக்கும் டைம்கீப்பர் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. நேருக்கு நேர் கேட்டால், முகம் மாறாமல் ஒரே பதில்தான்: "இதுதான் கரெக்ட் டைம்." பதினான்கு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

தீவுக் கரைக்கு எதிரே ஒரு மணல் திட்டு. கடல் வற்றும்போது அதுவரை நடந்தே போகலாம். முதல் நாளே படகுக்காரர் எச்சரித்தார்.

"நாளைக்குப் போறதா இருந்தா, நாலு மணிக்கெல்லாம் அங்கேருந்து கிளம்பிடணும். நடுவுல இருக்கற பள்ளம்தான் மொதல்ல நெறையும். திட்டுல இருக்கறவங்களுக்கு அது தெரியாது. அஞ்சு மணிக்குத் திட்டே இருக்காது."

டைம்கீப்பர் இரண்டு தடவை நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். கடலோடு விளையாட முடியுமா? படகுத்துறைக் கடிகாரத்தைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், தன் கைக்கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருத்தி வைத்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினான்கு வருஷப் பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். மைத்துனர் ஆயுசுக்கும் ஓட்டுவார். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் மதியம், முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிக் கரையிலேயே தங்கிவிட்டார். நனைந்துவிடக் கூடாதே என்று எல்லாருடைய போனும் ஒரு துணிப்பையில் அவர் மடிக்கு வந்தன. கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியின் கையில் தானே கட்டினார்.

"நாலுன்னா நாலு. இதுதான் கரெக்ட் டைம்."

"சரிங்க, சரிங்க," என்றாள் மனைவி. மைத்துனர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். டைம்கீப்பரும் அதைப் பார்த்தார். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

நாலு மணி. போனில் பார்த்தார். திட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மகள் மணலைக் குவித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். நாலு ஐந்து. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர்களும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். மைத்துனர் எழுந்து ஒரு ஆட்டம் வேறு போட்டார். நடுவே, காலையில் நண்டு ஓடிய பள்ளத்தில், இரண்டு பக்கமிருந்தும் வந்த தண்ணீர் ஒன்று சேர்ந்துவிட்டது. மனைவியின் எண்ணை அழுத்தினார். மணி அவர் கையிலிருந்த துணிப்பைக்குள்ளேயே அடித்தது.

அப்போதுதான் அந்தக் கண்ணடிப்பு புரிந்தது. அவள் கழிக்கிறாள். கடிகாரம் நாலு இருபது காட்டும்வரை அவள் அசையமாட்டாள்.

கத்தினார். காற்று எதிர்க்காற்று, குரல் அவர் காதுக்கே திரும்பி வந்தது. படகுக்காரர் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தார். சுற்றிலும் உதவிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. பையை மணலில் போட்டுவிட்டு டைம்கீப்பர் கடலுக்குள் இறங்கினார். முழங்கால். தொடை. ஒவ்வொரு அடிக்கும் காலடி மணல் நழுவியது. "என் புள்ள, என் புள்ள" என்று வாய் தானாகப் புலம்பியது. இடுப்பளவில் நின்று பாக்கெட்டைத் துழாவினார். சாவிக்கொத்தில் டிப்போ விசில் இருந்தது. முதல் ஊதலில் தண்ணீர்தான் தெறித்தது. உதறிவிட்டு மறுபடி ஊதினார். இரண்டு நீளம், ஒரு குட்டை. டிப்போவில் அதற்கு அர்த்தம்: வண்டி லேட், உடனே எடு.

பதினெட்டு வருஷமாக அந்த விசிலுக்கு ஓடிய உடம்பு டிரைவருடையது. துண்டு ஒரு பக்கம் பறக்க எழுந்து நின்றார். ஏன் எதற்கு என்று கேட்காமல் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மனைவியோ மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று சாவகாசமாகக் கை காட்டினாள். டைம்கீப்பர் மூச்சு முட்ட ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் மைத்துனர்தான் பள்ளத்தைப் பார்த்தார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

பள்ளத்தில் தண்ணீர் மார்புக்கு ஏறியிருந்தது. டிரைவர் குழந்தையோடு கடந்துவிட்டார். மனைவிக்குக் கால் வழுக்கியது. தம்பியின் பிடி விட்டது. தலை ஒரு முறை மறைந்தது. டைம்கீப்பர் பாய்ந்து கிடைத்ததைப் பிடித்தார். கடிகாரம் கட்டிய கை. கரை வந்து சேரும்வரை அதை விடவில்லை.

மணலில் விழுந்து இருமியபடி மனைவி கேட்டாள், "இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சேங்க... நான் கழிச்சுத்தானே பாத்தேன்?"

"இல்லம்மா. நேத்தே சரி பண்ணிட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. இதுதான் கரெக்ட் டைம்னு சொன்னேனே."

கேலிக்கென்றே பிறந்த மைத்துனர் திரும்பிக் கடலைப் பார்த்தார். எதிரே திட்டு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

மகளுக்குக் குளிரில் பல் கிட்டியது. "அப்பா, இப்ப மணி என்ன?"

மனைவியின் கையைத் திருப்பிப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. "நாலு இருபத்தொண்ணு பாப்பா."

குழந்தை கண்ணை மேலே செருகி, பழக்கத்தில், உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

"கழிக்காத பாப்பா," என்றார் டைம்கீப்பர். "இனிமே கழிக்காத." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஈர மணலில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதார்.