முதல் வீட்டில் காய்ச்சிய பால்

“...கெழக்கால பொங்கி வழிஞ்சிருச்சுன்னா அப்புறம் எந்த மண்டோர் வந்தாலும் நம்மள எழுப்ப முடியாது. சன்னல சாத்து புள்ள, காத்துல அடுப்பு அணைஞ்சிரும்” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், கழுத்தில் டை கட்டிய சீன இளைஞர் ஒருவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

கோலாலம்பூரை அடுத்த ரவாங்குக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எண்பதுகளின் நடுவில் அதை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. முதலில் ரப்பர் மரங்கள் சாய்ந்தன. பிறகு மேடுகள் காணாமல் போயின. செம்மண் லோரிகள் ஓடி ஓடி, துவைத்துக் காயப்போட்ட துணியை மறுபடியும் துவைக்க வேண்டி வந்தது. “கோலாலம்பூர் நம்மளத் தேடி வருது, ஒதுங்கி வழி விடணும் லா” என்பார் மாமா. எதையும் சிரிப்பாகச் சொல்லி முடித்துவிடுகிற மனிதர். அத்தைக்கு அது ஆகாது. “எங்க ஒதுங்கறது, ஒங்க தலையிலயா?” என்பாள்.

தீபாவளி முடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடிப்பார்கள் என்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார். எங்கே போவது என்று கேட்ட அத்தையிடம், “இத்தன வீடு கட்டுறாங்க, ஒங்களுக்கு இல்லாமலா?” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ என்னவோ, அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்து வருவது. வீட்டை விலைக்கு வாங்கிய ஆளை நாங்கள் பார்த்ததில்லை. புது லயம் கட்டினால், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இன்னாருக்கென்று பெயர் சொல்லிக் கைகாட்டுவதற்குள் முந்திக்கொண்டு பால் காய்ச்சிவிட வேண்டும். பால் பொங்கிய வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்பிய பாவம் நமக்கெதற்கு என்று எந்த மண்டோரும் விட்டுவிடுவார். கல்யாணமான புதிதில் அத்தை வீடு பிடித்ததும் அப்படித்தானாம்.

கம்பெனிக்காரர்கள் முதலில் ஒரே ஒரு வீட்டைக் கட்டி முடித்து வெள்ளையடித்தார்கள். அத்தை பால்மரம் சீவிய அதே இடம். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டோம். அத்தை மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டாள், மாமா முருகன் படத்தை, நான் பால் சட்டியை.

அப்படி ஒரு வீட்டை நான் கண்டதில்லை. மேசைமேல் ஆப்பிள்கள் இருந்தன. கடித்தேன், பிளாஸ்டிக். டிவி வெறும் அட்டைப் பெட்டி. குழாயைத் திருகினால் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அத்தை, தண்ணி வரல.”

“குடி வந்தாத்தான் தொறந்து விடுவாங்க.”

அப்போதுதான் அந்த டை கட்டிய இளைஞர் வந்தார். சத்தம் போடவில்லை. மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அத்தையின் மலாய் மீன்காரரோடு பேரம் பேசும் அளவுக்குத்தான். அதனால் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் உதவிய பெருமையில் நான் கடகடவென்று ஒப்பித்தேன்.

“இது பாக்குறதுக்காகக் கட்டுன வீடாம் அத்தை. யாரும் குடியிருக்க மாட்டாங்களாம். இத மாதிரி வேணும்னா பேங்க்குல போயி கேக்கணுமாம்.”

“பாக்குறதுக்கா?” என்றாள் அத்தை. “பாக்குற வீட்டுக்கு எதுக்குடி அடுப்படி?”

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான். யாருக்கும் அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. பால் வழிந்து, பளிங்குபோல் மினுங்கிய தரையில் ஓடி, அந்த இளைஞரின் சப்பாத்துக் கால்வரை போனது. மாமாவுக்கு அன்றைக்கு ஒரு சிரிப்பும் அகப்படவில்லை. முருகன் படத்தை நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தை அடுப்பை அணைத்தாள். முதல் டம்ளர் பாலை அந்த இளைஞரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பிறகு அவள் உட்கார்ந்து, சிந்திய பாலைத் துண்டால் துடைத்தாள். தரை முகம் பார்க்கிற மாதிரி ஆகும்வரை விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற இளைஞர் என்னிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தினமும் காலையில், ஆட்கள் பார்க்க வருவதற்கு முன்னால், இந்த வீட்டைக் கூட்டித் துடைக்க அத்தை வருவாளா என்று கேட்டார். நான் குதித்துக்கொண்டு சொன்னேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், லயத்திலேயே எங்கள் அத்தைக்கு மட்டும்தான் வீடு கிடைத்தது என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. தினமும் போகிறாள், கூட்டுகிறாள், சன்னலைத் திறந்து மூடுகிறாள், சொந்தவீட்டுக்காரி வேறென்ன செய்வாள்? தீபாவளிக்குப் பிறகு லயத்தை இடித்தார்கள். அத்தையும் மாமாவும் தண்டவாளத்தோரம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார்கள். அப்போதும் நான், இத்தனை அழகான வீட்டை வைத்துக்கொண்டு ஏன் அங்கே போய்ப் படுக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

ஆனால் என் கண்ணைவிட்டுப் போகாதது, பால் காய்ச்சியதற்கு மறுநாள் காலைதான். விளக்குமாறும் வாளியுமாகக் கிளம்பிய அத்தையின் பின்னால் நானும் ஓடினேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. நான் படியேறப் போனேன். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நம் வீட்டுக்குள் போக எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு, திறந்தே கிடந்த அந்தக் கதவை மெல்லத் தட்டினாள்.