மாத்திரையும் பாலும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கே.கே. நகர் கிளினிக்கில் டாக்டரும், சீட்டு எழுதும் நானும், கொட்டாம்பட்டி விவசாயி ஒருவரும் அவர் மகனும் இருந்தோம். விவசாயியின் மனைவி வரவில்லை.

விவசாயிக்கு இமைக்காத கண்கள், அசைவற்ற முகம். வலது கைவிரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். நடக்கையில் கால் தரையில் ஒட்டிக்கொண்டால் குடையைக் குறுக்கே போட்டு அதைத் தாண்டிப் போவார். வெறுந்தரையில் எழாத கால் குடையை எப்படித் தாண்டியது என்பது எனக்கு இன்னும் புதிர்தான்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்தால் உடல் இப்படி இறுகிப்போகும், மாத்திரை அதை ஈடுகட்டும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். இவருக்கோ ஆறு மாதமாகப் பலனில்லை.

“தையில மக கல்யாணம். மணவறைக்கு நானா நடந்து போகணும் சார்,” என்றார் அவர்.

“மாத்திரையை எதோட சாப்பிடுறீங்க?”

“பாலோடதான். இம்புட்டு வெலையுள்ள மருந்த வெறுந்தண்ணியிலயா குடுக்கிறதுன்னு வீட்டுக்காரி சொம்பு நெறையக் குடுப்பா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “பால்ல இருக்கிற புரோட்டீன் மருந்த மூளைக்குப் போகவிடாம மறிச்சிரும். இனிமே வெறுந்தண்ணிதான்.”

கல்யாணம் முடிந்து மகன் வந்தான். “அப்பா நடந்தே போனாருண்ணே,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “மாத்திரைக்குப் பால் வேணும்னே ஒரு மாடு வாங்கிருந்தோம், ஆயிரத்து எண்ணூறு ரூவாய்க்கு.”