செல்ஃப் எடுக்காத காலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டது. பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், அம்மா நீட்டிய டீ டம்ளரைப் பிடிக்காமல் நழுவவிட்டார். "ஏங்க, என்னங்க செய்யுது?" என்று அம்மா உலுக்கினாள். பேச ஆரம்பித்தால் எஸ்டேட் லயத்து வரிசையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரல் அவருடையது. அன்று எச்சில்தான் வழிந்தது. வலது கை தன் பாட்டுக்குத் தொங்கியது.

நான் மூணாறு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறவன். பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட்டில் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போனால்தான் ஸ்கேன், ஊசி எல்லாம். சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால் பேச்சு திரும்பும், கை திரும்பும். தாமதமானால் போனது போனதுதான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "பூஜை லீவல்லே சேட்டா, ரோடு முழுக்க பிளாக்காணு. கொறச்சு தாமசிக்கும்" என்றது அந்தப் பக்கக் குரல். கொஞ்சம் தாமதம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. லயத்தில் இருந்த மற்ற வண்டிகள் எல்லாம் இருட்டோடு சவாரிக்குப் போய்விட்டன. என் வண்டி மட்டும்தான் மாலையும் எலுமிச்சம்பழமுமாக மாப்பிள்ளை போல நின்றிருந்தது. பூஜை போட்ட வண்டியை மறுநாள் வெயில் ஏறுகிறவரை எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

அப்பாவைத் தூக்கிவந்து முன் சீட்டில் சாய்த்து, பெல்ட் போட்டோம். என் மனைவி பின்னால் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். சாவியைப் போட்டதும் விளக்கெல்லாம் எரிந்தது. திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அத்தோடு எரிந்த விளக்குகளும் அணைந்துவிட்டன. மறுபடி திருப்பினேன், மறுபடியும். அந்த 'டக்' கூட இல்லை. ஹாரனை அமுக்கினால் அதுவும் ஊமை.

"சாமி குத்தம்டா ராசா! பழம் கூட நசுக்காம எடுக்கிறியே" என்று அம்மா அழுதாள்.

"சும்மா இரும்மா! இப்பப் போயி சாமி பூதம்னுக்கிட்டு!" என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம். பயம் வந்தால் இன்னும் நீளும்.

அதற்குள் லயமே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பனி என்றார், இன்னொருவர் பேட்டரி செத்துப்போச்சு என்றார். பேட்டரி சாவதற்கு வழியில்லை, வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. கம்பிகளை முந்தின நாள் சாயங்காலம் நானே மாட்டி ஸ்பானர் போட்டு இறுக்கியிருந்தேன். அதனால் அந்தப் பக்கமே என் புத்தி போகவில்லை. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

"தள்ளுவோம்ப்பா, இறக்கத்துல விட்டா எடுத்துக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். எங்கள் மலையில் எல்லா நோய்க்கும் இதுதான் மருந்து. ஜீப்புக் காலத்திலிருந்து தள்ளியே பழகிய ஊர். கொழுந்து பறிக்கக் கிளம்பியிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து கை வைத்தார்கள். அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். வண்டி சரிவில் உருண்டது. செகண்ட் கியரில் போட்டு கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி குலுக்கி நின்றது. கம்ப்யூட்டர் வைத்த வண்டி, கரண்ட் இல்லாவிட்டால் எத்தனை இறக்கத்தில் உருட்டினாலும் எடுக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் நானும் மலைக்காரனாகத்தான் இருந்தேன். கடைசியில் வண்டி இறக்கத்தின் அடியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் நின்றது. பனி விலகி வெயிலே வந்துவிட்டது. மாற்று வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் யார் யாரோ போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழி தெரியாமல் பானெட்டைத் தூக்கிப் பேட்டரிக் கம்பியைக் கழற்றினேன். அதனடியில், ஈயக் குமிழைச் சுற்றி மஞ்சளாக ஓடு போல என்னவோ காய்ந்திருந்தது. விரலில் தேய்த்தேன். சந்தனம். நடுவில் குங்குமம்.

புரிந்துவிட்டது. முந்தின நாள் வண்டியைக் கழுவுவதற்காகக் கம்பிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அம்மா வண்டியைத் துடைத்து ஸ்டியரிங், டயர், ஸ்டெப்னி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்திருக்கிறாள். பேட்டரிக்கு உச்சந்தலையிலேயே வைத்திருக்கிறாள். விளக்கேற்றுகிற நேரத்தில் அவசரமாக வந்து நான் அதன் மேலேயே கம்பியை மாட்டியிருக்கிறேன். காய்ந்த சந்தனத்தைத் தாண்டி விளக்கு எரிகிற அளவுக்குத்தான் கரண்ட் வந்திருக்கிறது. செல்ஃப் இழுத்ததும் அதுவும் நின்றுவிட்டது.

பின் சீட்டிலிருந்து இறங்கி வந்து என்னோடு குனிந்து பார்த்த என் மனைவியும் அதைக் கண்டுவிட்டாள். அம்மா வண்டிக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் சுரண்டிப் போடுங்க. அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றாள் மனைவி, வாய்க்குள்ளேயே. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்து வழியாக அப்பாவின் கண்கள் தெரிந்தன. அவை என் முகத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் அப்பிய என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சுரண்டி மாட்டினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.

தேனியில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்றார். அவருக்கு அது தினமும் சொல்லுகிற வாக்கியம். எனக்கு அந்த மேஜையைக் குப்புறத் தள்ள வேண்டும் போலிருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பா உயிரோடு வீடு திரும்பினார். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள் என்று அனுப்பினார்கள். அம்மா ஓயாமல் கேட்டாள். கஞ்சி போதுமாங்க, வெளியில உக்காருவமாங்க, இந்தா வர்றது யாரு சொல்லுங்க பார்ப்போம். சத்தமே கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி மாதம் ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள்.

"ஏப்பா, அன்னைக்கு வண்டி எதுக்கு எடுக்கல?"

"எதுக்கோ எடுக்கல. இப்ப என்னத்துக்கு அது?"

"கம்பியக் கழட்டி எதையோ சொரண்டுனப்பறம்தான் எடுத்துச்சாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. நான் அந்தப் பேட்டரிக்கும் பொட்டு வச்சேன்ப்பா. அதனாலயா?"

எத்தனை மாதமாக அவள் இதை நெஞ்சில் வைத்திருந்தாளோ.

"அட நீ வேற! பொட்டு வச்சு எந்த வண்டிம்மா நின்னுருக்கு? ஃப்யூஸ் போயிருச்சு. அதை மாத்தினேன், எடுத்துச்சு. அவளுக்கு என்ன தெரியும்!"

அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான முன்னாடி உக்காந்திருந்தீங்க, நீங்க சொல்லுங்க. ஃப்யூஸுதானா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கோணிய வாயிலிருந்து, வெகு தூரத்திலிருந்து இழுத்து வந்தது போல, ஒரு சத்தம் வந்தது.

"ம்."