சிவப்பு டப்பாவுக்குப் போகாத முனிராஜ்

ரத்தம் எடுக்கிற வேலையில், காலைக் காபிக்கு முன்னாலேயே திட்டு கிடைத்துவிடும். அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்துப் பிழைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். ஓசூரில் ஒரு மருத்துவமனை லேபில் இருக்கிறேன். கூச்ச சுபாவம். பதில் பேச வராது. குழாயை நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

திட்டாத ஆள்

முனிராஜ் மட்டும் திட்டவில்லை. பாகலூர்க்காரர், கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, பேச்சும் போயிருந்தது. டாக்டர் தமிழில் பெயர் கேட்டார், நர்ஸ் கன்னடத்தில் கேட்டார், அவருடைய அண்ணன் தெலுங்கில் கேட்டார். மூவரையும் ஒரே மாதிரி பார்த்தார்.

மூளையில் அடைப்பு வந்தால், அடிபட்ட இடம் வீங்குவதுபோல உடம்பு உள்ளுக்குள் கொதிக்கும். அந்த அழற்சியின் அளவு ரத்தத்தில் தெரியும். அது ஏறினால் தேறுவது சிரமம், இறங்கினால் நம்பிக்கை என்று டாக்டர் கணிப்பார். அதற்காகத்தான் காலைதோறும் நான் போவது. ஊசி குத்தியபோது முனிராஜ் முகம் சுளித்தார், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி சரோஜா சொன்னார்: "மூணு பாஷையிலயும் சண்டை போடுவாரு சிஸ்டர். இப்ப ஒண்ணுகூட இல்லாம போச்சு."

துண்டில் ஒரு கறை

இறங்கிக்கொண்டிருந்த அளவு ஒரு நாள் சட்டென்று ஏறியது. கூடவே காய்ச்சல், இருமல். விழுங்கும் சக்தி திரும்பாததால் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். "வாயால ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சாமி சத்தியமா இல்லைங்க சார்" என்றார் அண்ணன் வெங்கடப்பா. வயலிலிருந்து நேராக வந்த மனிதர், கையில் எப்போதும் ஒரு தூக்குவாளி.

நான் அப்போது ரத்தம் எடுக்கக் குனிந்திருந்தேன். முனிராஜின் தாடைக்குக் கீழே கிடந்த துண்டில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. எங்கள் பக்கத்து மூக்குக்கு ராகிக் கூழ் வாசனை தப்பாது. சொல்லலாமா, வேண்டாமா? அண்ணன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. தம்பி முகத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், இந்தத் துண்டு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, டாக்டருக்குக் கேட்டுவிட்டது. கூழ் நுரையீரலுக்குள் இறங்கி, ஒரு பக்கம் சளி கட்டியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. வெங்கடப்பா தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி சொன்னார்: "பாலை மூக்குல ஊத்தினா தெம்பு எங்க சார் வரும்? ரெண்டு வாய்தான். அவனே வாயைத் திறந்தான்."

சிவப்பு டப்பா

மறுநாள் காலை சரோஜா துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகிறாராம். ரிப்போர்ட்டில் அந்த அளவு எல்லையைத் தாண்டித் தடித்த எழுத்தில் இருந்தது. சரோஜா ஒரு கம்பெனியில் பீஸ்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறவர். "எங்க லைன்ல லிமிட் தாண்டினா அந்தப் பீஸ் சிவப்பு டப்பாக்குத்தான் போகும். அப்புறம் யாரும் தொட மாட்டாங்க. எதுக்கு இவரை இங்க வெச்சுக் குத்திக்கிட்டு?" கண் கலங்கவில்லை, கை மட்டும் ஒரே புடவையை மறுபடி மறுபடி மடித்தது.

டாக்டர் இன்னும் வரவில்லை. வேறு வழியில்லாமல் நான் பேசினேன். "அக்கா, பீஸ் எல்லாம் ஒரே மாதிரி லிமிட் தாண்டி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மிஷினைப் பார்ப்போம்."

"இதுவும் அப்படித்தான்க்கா. ஆளு முடிஞ்சுதுன்னு அது சொல்லலை. உள்ள எங்கயோ ஓட்டம் சரியில்லைன்னு சொல்லுது. சளிக்கு மருந்து ஏறுது. அளவு இறங்குதான்னு பார்க்கத்தான் நான் வரேன்." வேலைக்கு வந்ததிலிருந்து நான் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

சரோஜா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அப்ப செட்டிங்தான் மாத்தணும், லைனை நிறுத்த வேண்டாங்கறீங்க."

மிச்சம்

அளவு இறங்கத் தொடங்கியது, மெதுவாக. காய்ச்சல் விட்டது. வெங்கடப்பா அறைக்குள் நுழையும்போதெல்லாம் என்னைக் கண்டதும், தூக்குவாளி இல்லை என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு காலை, வழக்கம்போல முனிராஜின் இடது கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வலது கை இன்னும் அசையவில்லை. ஊசி இறங்கியதும் அவர் உதடு கோணியது. வார்த்தை ஒவ்வொன்றாக, நாக்கில் தடுக்கித் தடுக்கி, தமிழில் வந்தது. சரோஜா என் தோளைப் பிடித்துக்கொண்டார். முனிராஜ் கேட்டது இதுதான்: "தினம்... எடுக்கறியே... எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெப்பியா?"

எந்தச் சோதனை என்ன சொன்னாலும், ரத்தம் எடுக்கிறவளைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டால் ஆள் தேறிவிடுவார் என்பது என் சொந்தக் கணிப்பு. அதை அளக்கத்தான் இன்னும் குழாய் வரவில்லை.