அரை நிமிடம் பிந்தி வரும் நேரலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஹைதராபாத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் நேரலை நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் கேள்வி கேட்கும் நிஜாமாபாத் நேயர் பல சமயம் நான்தான். கரீம்நகர் நேயரும் நானே. முதலாமவருக்குச் சர்க்கரை, இரண்டாமவருக்கு மூட்டு வலி. பக்கத்து அறையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே தெலுங்கில் கேட்பேன்.

நான் வேலை பார்ப்பது, மக்களுக்கு உடல்நலம் கற்பிக்கும் ஓர் அரசு நிறுவனத்தின் ஒலி-ஒளிப் பிரிவில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பென்ஷன் வர இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் எங்கள் பிரிவு என்பது ஒரு வேன்தான். புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், கொசு எப்படி நோயைப் பரப்புகிறது என்று படம் காட்டுவார்கள். படம் ஓடும்போதே கொசுக்கள் வந்து செய்முறை விளக்கம் கொடுக்கும். அப்புறம் வானொலியில் கால் மணி நேரம் கிடைத்தது. அப்புறம் மொட்டை மாடியில் ராட்சத டிஷ் ஒன்று முளைத்தது. காவலாளி அதில் லுங்கி காயப்போட்டார். இப்போது இணைய நேரலை. கருவிகள் சிறுத்துக்கொண்டே வந்தன, கூடவே கூட்டமும். வேனைப் பார்க்க ஊரே வந்தது. இன்று எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் தெரியும். கைவிரல் போதும் எண்ண. அதிலும் பாதி விரல் எங்கள் ஊழியர்கள்.

அதனால்தான் நாங்களே நேயர்களாகவும் ஆனோம். நான் நிகழ்ச்சி நடத்தும் நாட்களில் எங்கள் சவுண்ட் நண்பர் அழைப்பார். பிறவி மிமிக்ரி கலைஞர். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழும் வரும். கிழவர், கிழவி, கைக்குழந்தையோடு வந்த மருமகள் எல்லாம் அவர் தொண்டைக்குள் குடித்தனம் நடத்தினார்கள். என்னைச் சிரிக்க வைப்பதை ஒரு வேள்வியாகவே செய்துவந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒலிநாடா காலத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மைக் முன்னால் இருப்பவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளரைப் பெயர் சொல்லி "ரெடியா?" என்று கேட்பார். "ரெடி சார்" என்று பதில் வந்தால்தான் நாடா சுழலும். நான் சேர்ந்த புதிதில்கூட அது இருந்தது. பிறகு பச்சை விளக்கு வந்தது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் போயிற்று. சவுண்ட் நண்பர் மட்டும் அந்தப் பழைய ஆட்களைப் போல் "ரெடி சார்" என்று விறைப்பாகச் சொல்லிக் காட்டுவார்.

அந்த வியாழக்கிழமை பேச்சு பக்கவாதம் பற்றி. பேச வேண்டிய டாக்டர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டார்.

"அவர் வர்ற வரைக்கும் ஓட்டணும். சீக்கிரம் ஒரு போன் போடுங்க" என்றேன் நண்பரிடம்.

"ஹவ் சார், பாத்துக்கறேன்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டு அவர் வெளியே போனார்.

விளக்கு எரிந்தது. நான் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் போன் வந்தது. ஒரு வயதான பெண் குரல். செகந்திராபாத் பக்கம் மௌலா அலியிலிருந்து பேசுவதாகத் தெலுங்கில் ஆரம்பித்து, "நீங்க தமிழா சார்? பேச்சுலயே தெரியுது" என்று தமிழுக்கு மாறியது. பலே, இன்று கிழவி வேஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என் வீட்டுக்காரரும் உங்க எடத்துலதான் சவுண்டு பாத்தாரு சார். நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆயிட்டாரு. வாதம் வந்து பேச்சே போயிடிச்சி. வியாழக்கெழம உங்க மியூசிக் வந்தா மட்டும் நிமிந்து ஒக்காருவாரு. ஒரே ஒரு தடவ அவரு பேரச் சொல்லி ரெடியான்னு கேளுங்க சார். பதில் சொல்லிடுவாரு. தூக்கத்துலகூட சொன்ன மனுசன்."

"ரெடியா" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. எங்கள் வீட்டு ரகசியம் வெளியாருக்கு எப்படித் தெரியும்? நண்பர் இன்று உருக்கமாகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நானும் என் பங்குக்கு விளையாடினேன்.

"ஏம்மா, அவர் பேச ஆரம்பிச்சிட்டா அப்புறம் நீங்க எப்பப் பேசறது? கெடச்ச நிம்மதியக் கெடுத்துக்காதீங்க!"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன். பிறகு "சரிங்க சார்" என்றது குரல். இணைப்பு துண்டானது.

கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. நண்பர் தொப்பலாக நனைந்து, டீ பிளாஸ்கோடு நின்றார். ஸ்டூடியோவுக்குள் பேச வைத்திருக்கும் டாக்பேக் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "சாரி சார், டீக்கடைல மாட்டிக்கிட்டேன். இப்பப் போடட்டுமா போன்?"

டாக்டர் வந்தார். நிகழ்ச்சி நடந்தது. நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் போனில் பதிவாகியிருந்த எண்ணை அழைத்தேன். மன்னிப்புக் கேட்பதற்குள் அந்த அம்மா வீட்டுக்கு வழி சொல்லிவிட்டார்.

மறுநாள் நண்பரும் நானும் போனோம். மௌலா அலி தர்கா குன்றுக்குக் கீழே சின்ன வீடு. கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே அவர் சாய்ந்திருந்தார். எதிரே நெட் இணைத்த டிவி. நான் அருகில் போய், அவர் பெயரைச் சொல்லி, "ரெடியா சார்?" என்றேன். என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ல சொன்னா தெரியாது தம்பி. அதுலேந்து வரணும்" என்று டிவியைக் காட்டினார் அந்த அம்மா.

நான் தயாரித்துக்கொண்டு போன மன்னிப்பை எடுக்க இடமே கிடைக்கவில்லை. அந்த அம்மாவே பேசினார்.

"நீங்க போன்ல பேசறது டிவில வர அர நிமிசம் ஆவுது. அதுக்குள்ள நிறுத்திடலாம்னு ரிமோட்டத் தேடினேன். இவரு பேரு வரும்னு வாயத் தெறந்து வச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. ரிமோட்டு தலகாணி அடியில இருந்திருக்கு. கெடைக்கல தம்பி."

என் நகைச்சுவை எத்தனையோ வீடுகளில் எடுபடாமல் போயிருக்கிறது. அது வீட்டுக்குள் வந்துவிடாமல் தடுக்க ஒருவர் ஓடினார் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வியாழன் நேரலையில், முதல் வேலையாக அந்தப் பெரியவர் பெயரைச் சொல்லி "ரெடியா?" என்று கேட்டேன். அந்த அம்மாவின் போன் இணைப்பிலேயே இருந்தது. அரை நிமிடம் கழித்து, அவர்கள் வீட்டு டிவியிலிருந்து என் குரலே போன் வழியாக எனக்குத் திரும்பி வந்தது. "ரெடியா?" பிறகு மின்விசிறிச் சத்தம். தெருவில் ஒரு ஆட்டோ. பிறகும் மின்விசிறி.

"கண்ணு டிவிமேலதான் இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா. "வாயத்தான் தெறக்கல. நீங்க நடத்துங்க."

ஒவ்வொரு வியாழனும் கேட்டேன். நடுவில் அவருக்கு இன்னொரு முறை வாதம் வந்தது. தீபாவளி கழிந்து ஒரு நாள் அந்த அம்மாவே அழைத்து, "இனிமே கூப்புட வேணாம் தம்பி" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த முதல் நாளிலேயே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாரா? எங்கள் டாக்டரிடம் விசாரித்தேன். வாய்ப்பே இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகு சொன்னார். அதனால் இன்றுவரை நம்பவில்லை.

இப்போது நிஜாமாபாத் நேயரும் கரீம்நகர் நேயரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். யாரும் அழைக்காவிட்டால் அழைக்கவில்லை என்றே சொல்லிவிடுகிறோம். கடன் வேண்டுமா என்று கேட்கும் போன்களுக்குக்கூட, இது யாரோ ஒருவருடைய குரல் என்ற பயத்தில் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். பச்சை விளக்கு எரிந்தாலும், கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் பதில் சொன்ன பிறகே தொடங்குகிறேன்; பதில் சொல்ல ஆள் இருக்கும்போது கூப்பிடுவது எவ்வளவு சுலபம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது சவுண்ட் நண்பர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கைக்கு சார், எதுக்கு? நான் இங்கதான இருக்கேன். பட்டன அமுக்குங்க."