என் வயிற்றைச் சுற்றி நின்ற டாக்டர்கள்

ஒரு ஆளைச் சுற்றி எவ்வளவுக்கெவ்வளவு டாக்டர்கள் கூடுகிறார்களோ, அவ்வளவுக்கவ்வளவு சீக்கிரம் அந்த ஆள் சாகப்போகிறார் என்று சின்ன வயதில் உறுதியாக நம்பினேன். அந்தமானில் நாங்கள் இருந்த பாராடாங் தீவில் டாக்டரே கிடையாது. அதனால் நாங்களெல்லாம் சாகாவரம் பெற்றவர்கள் என்றும் முடிவு கட்டியிருந்தேன். மூளை அப்போதிருந்தே இப்படித்தான்.

அப்பாவுக்கு அங்கே வெட்டிய மரத்தை அளக்கும் சர்க்கார் வேலை. அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. சோறு வடிக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். என்ன செய்கிறது என்று கேட்டால், அசதி என்பாள். போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரியில், மெயின்லாந்திலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர்களைக் கொண்டு, தூரத்துத் தீவுக்காரர்களைப் பார்ப்பதற்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படகுக்காரர் சேதி கொண்டுவந்தார். அப்பா லீவு போட்டார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் படகில் ஏறினேன்.

ஏற்பாடு செய்தவர் அங்கிருந்த பெரிய டாக்டர். நல்ல மனுஷர். காட்டிலும் கரையிலும் கிடக்கிற ஜனங்களைப் பார்க்கப் பழகாதவன் என்ன டாக்டர் என்று பையன்களை அதட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் முறை வந்தது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கண் என் வயிற்றில் விழுந்துவிட்டது. என் சட்டைகளுக்குப் பொத்தான் என்று ஒன்று இருந்ததே இல்லை.

"இதர் ஆவ், பேட்டா," என்று என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

கட்டிலில் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். அவர் முகம் மலர்ந்தது. கையைத் தட்டினார். அடுத்த அறையில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். புத்தகத்தில் மட்டும் பார்த்த ஏதோ ஒன்று என் வயிற்றுக்குள் குடியிருந்தது போலும். வரிசையாக வந்து, மூச்சை இழுக்கச் சொல்லி, கை வைத்தார்கள். ஒருவர் விரல் ஜில்லென்று, ஒருவர் விரல் சிகரெட் நாற்றம். அமுக்கிவிட்டு எல்லாரும் ஆஹா என்று தலையாட்டினார்கள்.

நான் தலைகளை எண்ணினேன். எண்ண எண்ண எனக்கு வேர்த்தது. கட்டிலில் கிடந்தபடியே சொத்தைப் பிரித்தேன்: தூண்டில் பக்கத்து வீட்டு பெங்காலிப் பையனுக்கு, கோலிக்குண்டு தங்கச்சி பிறந்தால் அவளுக்கு. அப்பாவுக்கு ஒன்றும் கிடையாது, போன வாரம்தான் அடித்திருந்தார். கப்பலில் செத்தவர்களைக் கடலில் இறக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தது திடீரென்று ஞாபகம் வந்தது.

"அப்பா, நான் செத்தா படகுல ஏத்தாதீங்க!" என்று கத்தினேன். "இங்கயே பொதைச்சிருங்க!"

"சும்மா கெடடா," என்றார் அப்பா. "ஊரே பாக்குது."

ஒரு பெண் டாக்டர், மதுரைப் பக்கத்துப் பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். "சாகல்லாம் மாட்டே தம்பி. மலேரியா வந்து வந்து மண்ணீரல் வீங்கியிருக்கு. மாத்திரை தின்னா வத்திடும்."

இத்தனை டாக்டர்கள் தன் பிள்ளையைப் பார்ப்பது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவனை நல்லாப் பாருங்க," என்று எழுந்து ஒதுங்கினாள். வாசலில் நின்ற சிப்பந்தி "அக்லா!" என்று அடுத்தவரைக் கூவ, அடுத்த ஆள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் அம்மா என் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் டாக்டர் தேடி வந்தாள்.

"அக்கா, நீங்கதான காட்ட வந்தீங்க? உங்களுக்கு என்ன செய்யுது?"

அம்மா சுற்றிலும் பார்த்தாள். எங்கும் ஆண்கள். "பொம்பளை சமாச்சாரம், டாக்டரம்மா. இங்க வச்சு எப்படிச் சொல்ல?"

"ஏய், படகு போயிரும்," என்று அப்பா படியிலிருந்து கூப்பிட்டார்.

"அடுத்த தடவை வரும்போது என்னையே கேளுங்கக்கா. தனியா வச்சுப் பாக்கிறேன்."

அம்மாவுக்கு அதுவே பாதி குணமான மாதிரி. படகில் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் குணத்தைப் பேசிக்கொண்டே வந்தாள். நான் சாகாமல் வந்த சந்தோஷத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது, கடல் சீறியதில் படகு ஒழுங்காக ஓடவில்லை. மறுபடி போனபோது அம்மா என் தோளில் கை ஊன்றித்தான் படியேறினாள். அந்தப் பெண் டாக்டர் இல்லை. பயிற்சி முடிந்து கப்பலேறிவிட்டாளாம். அவள் இடத்தில் புதிதாக வந்த ஒரு பையன், மீசைகூடச் சரியாக வளராதவன், முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"க்யா தக்லீஃப் ஹை, மா ஜி?" உடம்புக்கு என்ன என்று இந்தியில் கேட்டான்.

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா எங்கள் பின்னால்தான் நின்றார். "கம்ஜோரி" என்றாள். அசதிக்கு அவளுக்குத் தெரிந்த இந்தி அதுதான். அவன் டானிக் கொடுத்தான். என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, நன்றாக வற்றியிருக்கிறது என்று முதுகில் தட்டினான். எனக்கு ஒரே குஷி.

அம்மாவுக்குப் பல மாதமாக உதிரம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பப்பையில் புற்று. எனக்கு அது தெரிந்தது மீசை முளைத்த பிறகு, அப்பா சொல்லித்தான். இரண்டு தடவை போயும் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து யாரும் பார்க்கவில்லை. அந்த டானிக் பாட்டில் தீருவதற்குள் இறந்துபோனாள்.